மாடு எங்களது அல்ல

வன்னியிலே 'ஸ்கிறப்' என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்ல விரும்புகிறவர் எவராயினும், இங்கே அதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்பதையும், அது பழைய இரும்பு என்பதையும் முன்னதாக மனத்திற் கொள்ளுதல் நன்று. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னர் நாங்கள் மீளக் குடியேறிய காலத்திலே, துருவேறிய சைக்கிள் சட்டமும், சக்கரம் இழந்த உழவு இயந்திரமும், இன்னது என்று பெயர் சொல்லிக் கேட்கத் தயங்கும் வேறு பல உலோகங்களும் லான்ட்மாஸ்ரர் பெட்டிகளிலே ஏறித் தராசுக்குப் பிரயாணம் செய்ததைக் கண்ட ஊர் இது. ஆகையால், ரொறன்ரோவிலே வசிக்கும் என் பெறாமகள் தொலைபேசியில், "பெரியம்மா, நீங்களும் உங்கட சிநேகிதி ரீச்சரும் ஒரு சனி ஞாயிறு எங்கையாவது போயிருந்து ஸ்கிறப்புக் செய்யுங்கோவன்" என்று ஆலோசனை கூறியதை நான் பின்னேரத் தேநீர் வேளையில் என் கணவரிடம் பிரஸ்தாபித்தபோது, அவர் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "முல்லைத்தீவுப் பக்கம் இப்ப அவ்வளவு இரும்பில்லை, எல்லாம் அள்ளி முடிஞ்சுது" என்று விடையிறுத்ததில் அவர்மீது குற்றம் யாதொன்றும் இல்லை.

இரும்பல்ல, படம் ஒட்டும் புத்தகம் என்று நான் விளக்கினேன். வீட்டிலே சிதறிக் கிடக்கும் படங்களையும், கலியாணக் காட்டுகளையும், ரயில் ரிக்கற்றுகளையும், பிள்ளையின் முதற் தலைமயிர்க் கற்றையையும்கூட, வர்ணத் தாள்களின்மேல் அழகுற ஒட்டி, பக்கத்திலே இரண்டு வரி விவரமும் எழுதிவைக்கும் இந்தக் கலைக்காக, மேல்நாட்டுப் பெண்மணிகள் வெள்ளிக்கிழமை மாலை வீட்டையும் மக்களையும் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு விடுதியிற் கூடி, இரண்டு பகலும் இரண்டு இரவும் சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் வாழ்ந்து, ஞாயிறு பின்னேரம் சர்வ சாந்தியோடு திரும்புவார்களாம். அமெரிக்காவிலே மே மாதத்து முதற் சனிக்கிழமை இதற்கென்றே கொண்டாடப்படுகிறதாம். அந்த நாட்டின் பெரிய ஹாஸ்ய எழுத்தாளராகிய மார்க் ருவைன், பக்கங்களில் முன்கூட்டியே பசை பூசப்பட்டதும், நனைத்து அமுக்கினால் ஒட்டிக்கொள்வதுமான ஒட்டுப் புத்தகம் ஒன்றை ஆக்கி, 1873இலே அதற்குக் காப்புரிமையும் பெற்றார் என்பதை நான் எடுத்துரைத்தபோதுதான் என் கணவர் பத்திரிகையைக் கீழே வைத்தார். "எழுத்தாளனுக்கு எழுத்திலை வருமானம் காணாது எண்டது எல்லா நாட்டிலையும் ஒண்டுதான்" என்றார்.

தமிழர்களுக்கு இது புதிய வித்தையென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. செட்டிநாட்டுக் கோட்டையூரிலே பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா என்பவர், பிறர் குப்பைக்கு அனுப்பும் நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையும் பத்திரிகை நறுக்குகளையும் பழம் புத்தகங்களோடு சேர்த்துச் சேர்த்து வைத்து, அவர் காலத்தின் பின் சென்னையிலே ஓர் ஆராய்ச்சி நூலகமே எழும்பும்படி செய்துவிட்டார். சேர்ப்பதிலே எங்கள் சனங்களுக்கு எந்தக் குறையும் கிடையாது. சேர்த்ததை ஓரிடத்தில் இருக்க விடாததுதான் எங்கள் ஜாதக விசேஷம்.

எங்கள் வீட்டுப் படங்களின் வரலாறு சுருக்கமானது. 2008ஆம் ஆண்டின் பிற்கூற்றிலே, கிளிநொச்சியை விட்டுப் புறப்பட வேண்டும் என்று தீர்மானமானபோது, என் கணவர் ஆறு அல்பங்களையும் பொலித்தீனிற் சுற்றி, ஒரு பிளாஸ்ரிக் பரலினுள் இட்டு, வளவிலே கிடங்கு வெட்டித் தாட்டார். முருங்கை மரத்திலிருந்து தெற்கே மூன்று எட்டு என்பது அடையாளம். நாங்கள் திரும்பி வந்தபோது முருங்கையும் இல்லை. தெற்கு எது என்று காட்டுவதற்கு வீடும் இல்லை. ஞாபகத்தை நம்பி அவர் ஏழு கிடங்குகள் வெட்டினார். எங்கள் வளவில் நகை தாட்டிருக்கிறதாம் என்ற கீர்த்தி பரவியதால், நாங்கள் வெட்டாத எட்டாவது கிடங்கு ஒன்று ஓரிரவில் தானாகவே தோன்றியது. பரலும் அதற்குப் பக்கத்திலேதான் அகப்பட்டது. மூடி வெடித்து மாரி நீர் உள்ளே இறங்கியிருந்தது. படத்தாளின் மேற்பூச்சாகிய செலற்றின் நீர் பட்டால் பசையாகிவிடும் குணமுடையது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். முப்பது வருஷத்துக் கலியாணங்களும் பிறந்தநாள்களும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு செங்கல்லின் பருமனுள்ள கட்டியாக வெளிவந்தன. அவ்வளவு உறுதியாக ஒட்டும் பசையை இன்றுவரை எந்தக் கம்பனியும் விற்கக் கண்டிலேன்.

வேறு சில படங்களை நாங்களே எரித்தோம். அது ஹாஸ்யக் கட்டுரைக்குரிய விஷயமன்று.

எஞ்சியவை எவை என்றால், நாங்கள் பத்திரப்படுத்தாதவை. அதாவது, கடிதத்தோடு வைத்துக் கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் அனுப்பித் தொலைத்தவை. என் தங்கை தன் அலுமாரித் தட்டைத் துப்புரவாக்கி, நாற்பத்தொரு படங்களை, ஊருக்கு வந்த ஒருவரின் கையிலே கொடுத்தனுப்பினாள். அவற்றோடு பெறாமகள் அனுப்பிய ஒரு பெரும் பொதியும் வந்தது: தடித்த அல்பம் ஒன்று, வர்ணத் தாள்கள், அலையலையாக வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று, ஸ்ரிக்கர்கள், பசைக் குச்சிகள். தாள்களின் உறையிலே, இவை அமிலம் நீக்கப்பட்டவை, ஆதலால் நூறு வருஷமானாலும் மஞ்சளாகா என்று அச்சிடப்பட்டிருந்தது. ஓர் இடப்பெயர்வைத் தாங்குமா என்பது குறித்து உறையில் ஒன்றும் இல்லை.

இனி என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே ஒரே வாங்கில் அமர்ந்தவர்கள் நாங்கள். 1982ஆம் ஆண்டு முள்ளியவளைப் பக்கத்துக்கு ஒன்றாக நியமனம் பெற்று, அவருடைய குடும்ப வீட்டிலேயே நானும் தங்கிப் படிப்பித்தேன். அந்நாள் முதல் இந்நாள்வரை நான் அவரை 'ரீச்சர்' என்பேன்; அவர் என்னை 'ரீச்சர்' என்பார்; எங்கள் இருவருக்கும் பெற்றோர் இட்ட பெயர்கள் உண்டென்பது ஓய்வூதியக் கடிதம் வரும்போது மாத்திரம் நினைவுக்கு வரும். அவர் மனையியல் ரீச்சர். நான் தமிழ் ரீச்சர். ஒருவர் ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் மற்றவர் ஊசி என்னும் சொல்லின் இலக்கணத்தை விளக்கி முடிக்காத வகை நட்பு.

அவருடைய தம்பி கனடாவுக்குப் போனபின் முள்ளியவளையிலே புதிதாகக் கட்டுவித்த வீடு, மாபிள் தரையும் மூன்று குளியலறையும் கொண்டதாய், மனுஷ சஞ்சாரமின்றிப் பூட்டியே கிடந்தது. வன்னியிலே இத்தகைய வீடுகள் இப்போது அநேகம். பல்லிகள் மிகுந்த வசதியோடு வாழ்கின்றன. எங்கள் ஏகாந்த வாசத்துக்கு அதைவிட உத்தமமான ஸ்தலம் எது?

சனிக்கிழமை காலை கிளிநொச்சியில் பஸ் ஏறினோம். பரந்தன் சந்தியிலே திரும்பி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் என்று முல்லைத்தீவு வரைக்கும் செல்லும் அந்த ஏ35 வீதியை நாங்கள் இருவரும் முன்னொரு முறையும் கடந்திருக்கிறோம். அம்முறை நான்கு மாதத்துக்கு மேற் சென்றது. இம்முறை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலும், சாரதி ஒலிக்கவிட்ட சினிமாப் பாட்டுகள் எட்டு. ரீச்சர் கத்தரிக்கோல் இருந்த பையை மடியில் அணைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். புதுக்குடியிருப்பு தாண்டியதும், "ரீச்சர், பயற்றம் பணியாரம் தரட்டோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். வட்டுவாகல் வரும்வரை இருவரும் பணியாரம் சாப்பிட்டோம்.

வீட்டைத் திறந்து, பல்லிகளிடம் அனுமதி பெற்று, மாபிள் தரையிலே பாயை விரித்து, உபகரணங்களைப் பரப்பியபோது மணி பதினொன்று. முதல் விக்கினம் பசை. கனடாவிலிருந்து வந்த குச்சிகள் எங்கள் சித்திரை வெயிலிலே உருகி, உறையோடு இரண்டறக் கலந்து முத்தியடைந்திருந்தன. நான் முல்லைத்தீவுக் கடைத்தெருவுக்குப் போய் வருவதைப் பற்றி ஆலோசித்தேன். மனையியலோ கடையை நம்பும் சாஸ்திரம் அன்று. ரீச்சர் கோதுமை மாவைத் தண்ணீரிற் கரைத்து அடுப்பிலேற்றிக் கிண்டலானார். "இந்தப் பசை பிடிக்குமோ?" என்று நான் சந்தேகித்தபோது, அவர் அகப்பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பிய விதத்தை நான் மறக்கமாட்டேன். "ரீச்சர், இது வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணியிலை விளக்கெரியிற ஊர். மாவிலை படம் ஒட்டாதோ?" என்றார். வைகாசிப் பொங்கலுக்கு முன்னே சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் சந்நிதியிலே அந்த உப்பு நீரில் விளக்கேற்றுவதை நேரிற் கண்டவள் நான். வாய் திறவாமல் பசை ஆறுவதற்காகக் காத்திருந்தேன். சமையல் அற்ற இரண்டு நாள் என்று புறப்பட்டு வந்த எங்களுடைய முதற் காரியம் அடுப்பு மூட்டியதாயிற்று என்பதை மட்டும் பெறாமகளுக்குத் தெரிவிக்கவில்லை.

இரண்டாவது விக்கினம், படங்களின் தன்மை. வெளிநாட்டுக்கு அனுப்பிய படங்கள் மாத்திரமே மிஞ்சிய குடும்பத்தின் சரித்திரம் எப்படியிருக்கும் என்பதை வாசகர் சற்றே சிந்தித்துப் பார்க்கலாம். நாற்பத்தொன்றில் பதினான்கு சாமத்தியச் சடங்கு, ஒன்பது கலியாணம், பதினொன்று செத்தவீடு. பிரேதப் பெட்டியைச் சூழ இனசனம் முழுவதும் நின்று, அழுகையைச் சற்றே ஒத்திவைத்து, கமராவை நேரே நோக்குகின்ற அந்தப் படங்கள், வரமுடியாத பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவை; ஆகவே அவற்றிலே ஒருவர் தலையும் வெட்டுப்படாது. மிகுதி ஏழும், நாங்கள் க்ஷேமமாயிருக்கிறோம் என்பதைத் தங்கை நம்பும் பொருட்டு எடுத்தனுப்பியவை: ஸ்ரூடியோவிலே வர்ணம் தீட்டிய நீர்வீழ்ச்சியின்முன் நிற்பது, அயலவரின் மோட்டார் சைக்கிளிலே சாய்ந்திருப்பது, 2002இல் ஏ9 பாதை திறந்தபோது வந்த உறவினர் வாங்கிவந்த சேலையோடு உடனே எடுத்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த தொண்ணூறுகளிலே விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திய இரவுகளுக்குப் படமே கிடையாது. இந்த அல்பத்தைப் புரட்டும் பேரப்பிள்ளைகள், வன்னியிலே மனிதர்கள் பருவமடைந்தார்கள், மணந்தார்கள், மாண்டார்கள், இடையிடையே நீர்வீழ்ச்சிக்குப் போனார்கள் என்றே முடிவு செய்வார்கள்.

இவற்றை அலங்கரிக்க வந்த ஸ்ரிக்கர்களோ, பனிமனிதன், பூசணிக்காய், மேப்பிள் இலை, பலூன். என் மாமனாரின் செத்தவீட்டுப் படத்துக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பது குறித்து நாங்கள் அரை மணி நேரம் சம்பாஷித்தோம். பூசணிக்காய்தான் ஓரளவு அடக்கமாயிருந்தது. மார்கழியிலே காலமானவர் என்ற நியாயமும் அதற்கு உண்டு. பின்பு, அவர் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது இருவருக்கும் ஏககாலத்தில் தோன்றவே, அதனை உரித்தெடுத்தோம்.

விவரம் எழுதும் பொறுப்பு தமிழ் ரீச்சராகிய என்னிடம் விடப்பட்டிருந்தது. தங்கையின் கலியாணப் படத்தின் அருகே பெறாமகள் கோடிட்டுத் தந்த இடம் இரண்டு அங்குலம். நான் தங்கையின் பிறப்பு, குணவிசேஷம், மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகம் ஆகியவற்றை முறையே தொட்டுக்கொண்டு, எழுவாயிலே புறப்பட்டுப் பயனிலையை நோக்கி வந்துகொண்டிருக்கையில் பக்கம் முடிந்துவிட்டது. ரீச்சர் எட்டிப் பார்த்து, "தாலி எப்ப கட்டினது எண்டு இன்னும் வரேல்லையே?" என்று வினவினார். அது அடுத்த பக்கத்தில் வருகிறது என்றேன்.

ஆனால் உண்மையான முட்டுக்கட்டை அதுவன்று. ஒட்டுவதற்காகப் படமொன்றைக் கவிழ்த்து ரீச்சர் பசைக் கையை ஓங்கிய வேளையிலேதான், பின்புறம் முழுவதும் என் கையெழுத்து இருப்பதைக் கண்டோம். கடிதத் தாளின் செலவை மிச்சம்பிடிக்கும் நோக்கத்தோடு அந்நாளில் நான் படங்களின் முதுகிலே எழுதியனுப்பிய சமாசாரங்கள்! நீர்வீழ்ச்சிப் படத்தின் பின்னே, 'மழையில்லை, கிணறு வற்றிவிட்டது'. புதுச் சேலையின் பின்னே, 'இதை மாமிக்குக் கொடுக்க வேண்டி வந்துவிட்டது. நீ ஒன்றும் கேட்காதே'. முன்புறத்தில் நாங்கள் தங்கைக்காகச் சிரித்தோம். பின்புறத்தில் தங்கையோடு பேசினோம். ஒட்டினால் பேச்சு போய்விடும். ஒட்டாவிட்டால் அல்பம் எதற்கு? ரீச்சர் யோசித்து, சீலைத் துண்டைக் கீலமாகக் கிழித்து, படத்தின் ஓர் ஓரத்தை மாத்திரம் அதனால் தாளோடு பிணைத்து, கதவைப்போலத் திறந்து பார்க்கும்படி அமைத்தார். மார்க் ருவைனுக்குத் தோன்றாத யுக்தி.

இவ்வாறு இரண்டு கதவுகள் வைத்து முடிந்த நேரத்திலே, பூட்டிய வீடு திறந்திருப்பதைக் கண்டு அயலார் வரத் தொடங்கினார்கள். ஏகாந்தம் என்பது வன்னியிலே காட்டில் யானைக்குக்கூடக் கிட்டாது. ஒருவர் நந்திக்கடல் இறால் கொண்டுவந்தார். மற்றொருவர் செத்தவீட்டுப் படத்தைக் கையில் எடுத்து, பெட்டிக்கு வலப்புறத்திலிருந்து ஒவ்வொருவராக உறவு முறை சொல்லத் தொடங்கினார். சூரியன் சாய்ந்தபோது அவர் கால்மாட்டுக்கே வந்திருந்தார்.

ஞாயிறு காலை வந்தவர் வேலியடுத்த வீட்டு அக்கா. எழுபத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, 1982இலே இதே ஒழுங்கையில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தார். இடப்பாதியில் நானும் ரீச்சரும், இரட்டைப் பின்னலோடு, நியமனம் பெற்ற பெருமை முகத்தில் வழிய நிற்கிறோம். வலப்பாதியை ஒரு மாடு அடைத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் மாடு வைத்திருப்பதாகத் தங்கை பிழையாக எண்ணிவிடலாகாது என்ற சத்திய விரதத்தினால், படத்தின் முதுகிலே கடைசி வரியாகப் பெரிய எழுத்தில், 'மாடு எங்களது அல்ல' என்று நான் எழுதியிருந்தேன்.

"உது எங்கட சிவப்பியெல்லே!" என்றார் அக்கா.

மாட்டுக்கு வந்த கீர்த்தியை நினைத்து நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. படத்தின் வல ஓரத்திலே விரலை வைத்தார். மாட்டின் மூக்கணாங் கயிறு அங்கே போய் முடிகிறது. கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை, மணிக்கட்டுவரை மட்டும், படத்துக்குள்ளே வந்திருக்கிறது. கமராக்காரன் வெளியே நிறுத்திவிட்ட ஆளின் கை. நாற்பது வருஷத்துக்கு மேலாக நானும் என் தங்கையும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம். அங்கே ஒரு கை இருப்பதைக் கண்டதில்லை.

"உது எங்கட மனிசன்ர கை. சுட்டுவிரல் நுனி இல்லைப் பாருங்கோ. அரிவு வெட்டேக்கை பட்டது" என்றார்.

பார்த்தோம். இல்லை. அவரை எங்கே, எந்த மாதம் இழந்தார் என்று அக்கா சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலே அது எவரும் கேட்கும் கேள்வியும் அன்று. கணவரின் வேறு படம் உண்டா என்று மட்டும் கேட்டேன். "அடையாள அட்டையும் அவரோடைதானே போட்டுது" என்றார். கைத்தொலைபேசியிலே பிடித்து, ஸ்ரூடியோவில் பிரதி எடுத்து அனுப்பிவைக்கிறேன் என்று நான் வாக்களித்தேன். "ஓம், ஓம், உங்கட படத்தைப் பழுதாக்க வேண்டாம்" என்று அவரும் உபசாரமாகச் சொன்னார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

ரீச்சர் அலையலையாக வெட்டும் அந்தக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். நாற்பத்தொரு படங்களில் எண்ணெய்க் கையால் ஒன்றைத் தொட்டதற்காக முதல்நாள் முழுவதும் என்னைக் கடிந்த அதே மனுஷி, என் முகத்தை ஒரு முறை பார்த்தார். நான் தலையசைத்தேனா என்பது எனக்கே தெரியவில்லை. அதற்குள் படம் நடுவால் இரண்டாயிற்று. எனது இரட்டைப் பின்னலில் ஒன்று மாட்டோடு போய்விட்டது. அந்தப் படத்தில் நான் நன்றாக இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அக்கா தம் பாதியைச் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு போனபின், எங்கள் பாதியைத் திருப்பிப் பார்த்தேன். முன்புறத்து வலப்பாதி பின்புறத்துக்கு இடப்பாதியல்லவா? மேல்வரிகள் கண்டபடி அறுபட்டிருந்தன. கடைசி வரி மட்டும் இலக்கண சுத்தமாகப் பிரிந்திருந்தது. 'மாடு எங்களது' என்பது அக்காவோடு போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது 'அல்ல'.

ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறும்போது, அந்தப் பெரிய அல்பத்தில் ஒன்றரைப் பக்கம் முடிந்திருந்தது. அந்த அரைப் பக்கத்தையும் இரவிலே பசை மணத்துக்கு வந்த எறும்புகள் ஓரளவு திருத்தியமைத்திருந்தன. வீட்டு வாசலிலே என் கணவர், "எத்தினை கிலோ தேறிச்சுது?" என்று கேட்டார்.

இதனை வாசிக்கும் அன்பர்களில், கனடாவிலோ லண்டனிலோ சுவிசிலோ வேறெங்கேனுமோ இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் அலுமாரியில் வன்னியிலிருந்து வந்த பழைய படங்கள் இருக்கக்கூடும். அவற்றைப் பிரதியெடுத்து அனுப்பும்போது பின்புறத்தையும் எடுத்து அனுப்புங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள். மாடு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.